கடைசிப் பிரதி எது என்று தெரியுமா?

பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில் காலை உலா செல்வது, பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்த்த நல்ல பழக்கம். சில மாதங்களுக்கு முன் ஒருநாள், உடன் நடக்கும் நண்பர் ஓர் ஐயத்தை எழுப்பினார். அவர் ஆவடி வட்டாரத்தில் கல்விப் பணி செய்யும் சிறிய அறக்கட்டளை ஒன்றின் பொருளாளர். பாடக் காணொலிகள், ஆண்டு விழா ஒளிப்படங்கள், பழைய மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளின் படிமங்கள் ஆகியவற்றைச் சேமித்து வைக்க, 'சர்வர்' எனப்படும் சேமிப்புக் கணினிகள் இரண்டு அவர்களிடம் இருந்தன. அண்மையில் மூன்றாவதாகப் புதியது ஒன்றை வாங்கியதும், இருப்பவற்றில் மிகப் பழையது உபரியாகிவிட்டது.

"மின்கட்டணமும் ஏ.சி. செலவும் தண்டம். அதில் இருப்பதெல்லாம் மற்ற இரண்டிலும் இருக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா, சார்?" என்று கேட்டார்.

நான் பொருளியல் படித்தவன். கணினி வல்லுநன் அல்லன். எனினும், இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தகுதி எனக்கு ஒரு வகையில் உண்டு. இதே கேள்விக்கு ஒருமுறை தவறான விடையளித்துக் கையொப்பமும் இட்டவன் நான்.

1990-களில் எங்கள் துறை மாணவர்கள் திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கள ஆய்வு மேற்கொண்டனர். ஏரிப் பாசனம், நெல் விலை, விளைநிலம் மனைப்பிரிவாக மாறும் விதம் ஆகியவை குறித்து உழவர்கள் பேசியவற்றைக் கேசட்டுகளில் பதிவு செய்தனர். பிற்காலத்தில் அவை கணினிக்கு மாற்றப்பட்டு, கல்லூரியின் சேமிப்பு சர்வரில் வைக்கப்பட்டன. "கணினியில் ஏற்றியாகிவிட்டது" என்பதால் கேசட்டுகள் கழிக்கப்பட்டன.

சில ஆண்டுகள் சென்றபின் அந்த சர்வரும் முதுமையடைந்தது. அதைக் கழிவு செய்யும் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். "வேறு பிரதி இருக்கிறதா?" என்று கேட்டேன். "புதிய சர்வரில் எல்லாக் கோப்புகளும் தெரிகின்றன" என்றார்கள். இருப்புப் பதிவேட்டில் கையொப்பமிட்டேன்.

சில மாதங்கள் கழித்து என் பழைய மாணவி ஒருவர் வந்தார். அவருடைய தாத்தா, தம் ஊர் ஏரியின் மடையை யார் திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதையெல்லாம் எங்கள் மாணவர்களிடம் விரிவாகச் சொல்லியிருந்தார். அவர் மறைந்துவிட்டார், அந்தக் குரலை ஒருமுறை கேட்க வேண்டும் என்றார் பேத்தி. புதிய சர்வரில் கோப்பின் பெயர் இருந்தது. சொடுக்கினால் திறக்கவில்லை. அங்கிருந்தவை கோப்புகள் அல்ல. பழைய சர்வரைச் சுட்டும் குறுக்குவழிகள் மட்டுமே. பழைய சர்வரின் வன்தட்டுகளோ முறையாக அழிக்கப்பட்டு விற்கப்பட்டிருந்தன. பெயர் இருந்தது, பொருள் இல்லை.

யாரும் விதியை மீறவில்லை. குழு கூடியது, தீர்மானம் எழுதப்பட்டது, கையொப்பங்கள் இருந்தன. 'தெரிகிறது' என்ற சொல்லை 'இருக்கிறது' என்று நான் புரிந்துகொண்டதுதான் பிழை.

ஏட்டுச் சுவடி கற்பிக்கும் பாடம்

இது கணினியோடு பிறந்த பிழை அன்று. பனையோலைச் சுவடியும் ஒரு சேமிப்புக் கருவிதான். அதற்கும் ஆயுள் வரம்பு உண்டு. ஓலை நைந்துபோகும் முன் புதிய ஓலையில் படியெடுத்து, பழையதைக் கழிப்பது நம் முன்னோர் கண்ட முறை. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்று வெள்ளத்தில் விடுவதும், நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடுவதும் வழக்கமாக இருந்தன.

சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏட்டுச் சுவடிகள் பல இருந்ததாகக் கேள்விப்பட்டுச் சென்று விசாரித்தபோது, அவை ஆகம முறைப்படி தீக்கு இரையாக்கப்பட்டுவிட்டன என்ற விடையே கிடைத்தது. இதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் வேதனையோடு பதிவு செய்துள்ளார். சடங்கு குறைவின்றி நடந்திருக்கிறது. ஆனால், தீயிடும் முன் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை: இந்த ஏடுகளுக்கு வேறு படி உண்டா, அது படிக்கும் நிலையில் உள்ளதா?

உபரிப் பிரதி ஒன்றைக் கழிக்கும்போது நமக்கு இரண்டு கடமைகள் உள்ளன. இருக்க வேண்டியது எதுவும் போய்விடக் கூடாது. போக வேண்டியது எதுவும் எஞ்சிவிடக் கூடாது. முதலாவது பொறுமையைக் கோருகிறது; இரண்டாவது கண்டிப்பைக் கோருகிறது. இவ்விரண்டையும் வரிசை மாற்றாமல் செய்வதே பாதுகாப்பான கழிவுமுறை.

ஏரியை வடிப்பது போல

உலகில் மிகப் பெரிய அளவில் படங்களையும் ஒலி, ஒளிக் கோப்புகளையும் பொதுமக்களுக்காகப் பாதுகாக்கும் அமைப்புகளுள் ஒன்று, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம். அதன் 'காமன்ஸ்' பெட்டகத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய, நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் படிமங்களும் அவற்றுள் அடங்கும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்நூல்களைத்தான் தன்னார்வலர்கள் தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்து வருகின்றனர்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஆஷ்பர்னிலும், டெக்சாஸ் மாநிலத்தின் கேரல்டனிலும் விக்கிமீடியாவின் முதன்மைத் தரவு மையங்கள் உள்ளன. 'ஸ்விஃப்ட்' என்ற திறமூல மென்பொருள், ஒவ்வொரு மையத்திலும் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதிகளை வெவ்வேறு சர்வர்களில் வைக்கிறது. ஆக மொத்தம் ஆறு பிரதிகள். இவ்வளவு இருந்தும், பழைய சர்வர் ஒன்றை அங்கே சட்டென்று அணைத்துவிடுவதில்லை.

ஒவ்வொரு சர்வருக்கும் 'எடை' எனப்படும் ஓர் எண் உண்டு. அதிக எடை என்றால் அதிகக் கோப்புகள் அங்கே செல்லும். ஓய்வுபெறவிருக்கும் சர்வரின் எடை படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. அதிலுள்ள கோப்புகள் மெல்ல மெல்லப் பிற சர்வர்களுக்கு இடம்பெயர்கின்றன. புதிய இடங்களில் கோப்பு முழுமையாகச் சேர்ந்துவிட்டது என்ற உறுதி கிடைத்த பின்னரே மென்பொருள் பழைய பிரதியை நீக்குகிறது. எடை பூச்சியமாகி, உள்ளே ஏதும் எஞ்சவில்லை என்பது தெரிந்த பிறகே இயந்திரத்தைக் கழற்றும் வேலை தொடங்குகிறது.

இதில் நமக்கு அயலானது எதுவும் இல்லை. சங்கிலித் தொடராக அமைந்த நம் ஏரிகளை எண்ணிப் பாருங்கள். ஓர் ஏரியின் கரையைச் செப்பனிட வேண்டுமானால், மடையைத் திறந்து நீரைக் கீழ் ஏரிக்கு அளவோடு இறக்குவார்கள். கீழ் ஏரியின் கொள்ளளவையும் கரையின் உறுதியையும் முன்னதாகப் பார்ப்பார்கள். இரண்டு ஏரிகளின் கரையை ஒரே நேரத்தில் தொடமாட்டார்கள். சர்வருக்கும் இதே நெறிதான்: ஒரு நேரத்தில் ஒன்று, மெதுவாக, பெறுமிடத்தில் போதிய இடமும் நலமும் உண்டா என்று பார்த்தபின்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? 'மைஸ்பேஸ்' என்ற சமூக வலைத்தளம் ஒரு காலத்தில் உலகெங்கும் இளம் இசைக் கலைஞர்களின் மேடையாக இருந்தது. சர்வர் மாற்றத்தின்போது பழைய படங்கள், காணொலிகள், ஒலிக் கோப்புகள் ஆகியவை போய்விட்டன என்று 2019-இல் அது ஒப்புக்கொண்டது. 2003 முதல் 2015 வரை பதிவேற்றப்பட்ட ஏறத்தாழ ஐந்து கோடிப் பாடல்கள் இழக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. பின்னர் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலாப நோக்கற்ற நூலகத்தின் மூலம் சுமார் 4,90,000 பாடல்கள் மட்டும் மீண்டும் கிடைத்தன. தங்கள் ஆய்வுக்காகக் கல்வியாளர் சிலர் முன்பே அவற்றைப் பிரதியெடுத்து வைத்திருந்ததுதான் காரணம். நூற்றில் ஒன்றுகூட முழுதாக மீளவில்லை.

எவை பிரதிகள் அல்ல?

நண்பரிடம் நான் முதலில் கேட்டது, "மற்ற இரண்டிலும் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?" என்பதுதான். 'பிரதி' என்று நாம் நம்பும் பலவும் உண்மையில் பிரதிகள் அல்ல.

எனக்கு நேர்ந்தது போல, குறுக்குவழி பிரதி ஆகாது. 'ரெய்டு' என்ற அமைப்பும் காப்புப் பிரதி ஆகாது. 1988-இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் ஒரு கட்டுரையில் விளக்கிய இந்த ஏற்பாட்டில், பல வன்தட்டுகள் ஒன்றாக இயங்கும். ஒன்று பழுதானாலும் பணி தொடரும். ஆனால், ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் அது அந்த அமைப்பு முழுவதிலிருந்தும் அழிந்துவிடும்.

ஒரே அறையில் இருக்கும் இரண்டு பிரதிகளும் தீயின் பார்வையில் ஒன்றுதான். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில், மின்கலங்களை இடம் மாற்றும் பணியின்போது தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தங்கள் பணிக் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' அமைப்பின் 858 டெராபைட் தரவுகள் அழிந்தன. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியிடத்தில் காப்புப் பிரதி வைக்கப்படவில்லை.

திறந்து பார்க்கப்படாத காப்புப் பிரதியும் வெறும் நம்பிக்கைதான். 2017 ஜனவரி 31 அன்று 'கிட்லேப்' என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், பழுதுபட்ட துணைப் பிரதியைத் துடைத்துவிட்டுப் புதிதாக உருவாக்க முனைந்தார். ஆனால், கட்டளையை அவர் இட்டது முதன்மைச் சர்வரில். ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவு நொடிகளில் மறைந்தது. காப்புப் பிரதிக்கு ஐந்து வழிமுறைகள் இருந்தும் ஒன்றுகூட எதிர்பார்த்தபடி செயல்படவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு பதிவே அவர்களைக் காப்பாற்றியது. அந்நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் முழுமையாக வெளியிட்டது பாராட்டத்தக்கது. உபரியை நீக்குகிறோம் என்று நினைத்து உயிரையே நீக்கிய நிகழ்வு இது. எனவேதான், கழற்றவிருக்கும் இயந்திரத்தின் வரிசை எண்ணை ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும் என்கிறேன்.

எத்தனை கோப்புகளைத் திறந்து பார்ப்பது?

"பத்துக் கோப்புகளைத் திறந்து பார்த்தேன், நன்றாக இருந்தன" என்றார் நண்பர். இங்கே என் துறையின் புள்ளியியல் கைகொடுத்தது.

நூறு கோப்புகளில் ஒன்று பழுது என்று வைத்துக்கொள்வோம். எதேச்சையாகப் பத்தைத் தேர்ந்து பார்த்தால், பழுதில் ஒன்றையேனும் காணும் வாய்ப்பு 10 விழுக்காட்டுக்கும் குறைவு. ஐம்பதைப் பார்த்தால் ஏறத்தாழ 40 விழுக்காடு. முந்நூறைப் பார்த்தால்தான் அது 95 விழுக்காட்டை எட்டும். அதுவும், நமக்குப் பிடித்த கோப்புகளைத் தேடித் திறந்தால் போதாது. பல ஆண்டுகளிலிருந்தும் பல வகைகளிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும்.

இதைவிடச் சிறந்த வழியும் உண்டு. கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு ஒரு 'சரிபார்ப்பு எண்'ணைக் கணினி உருவாக்கித் தரும். உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். பழைய சர்வரிலும் புதிய சர்வரிலும் ஒவ்வொரு கோப்புக்கும் இந்த எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட்டால், இலட்சம் கோப்புகளையும் விடுபாடின்றிச் சரிபார்க்கலாம். இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டொரு நாள் கணினி ஓட வேண்டும், அவ்வளவே. ஆனாலும் சிலவற்றைக் கண்ணால் திறந்து பார்ப்பதைக் கைவிடக் கூடாது. பழைய சர்வரிலேயே கோப்பு பழுதாகியிருந்தால், இரண்டு எண்களும் ஒத்துப்போகும். கோப்பு மட்டும் திறக்காது.

அணைப்பது வேறு, அழிப்பது வேறு

சரிபார்த்தாகிவிட்டது. இனி அழித்துவிடலாமா? இன்னும் இல்லை. சர்வரை அணைத்துவிட்டு, அழிக்காமல் காத்திருக்க வேண்டும்.

ஒரு சர்வரை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பது அதன் பொறுப்பாளருக்கே முழுமையாகத் தெரிவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு நேரத்தில் மட்டும் அதைத் தேடும் அலுவலகம் இருக்கலாம். நள்ளிரவில் தானாக அதிலிருந்து தரவெடுக்கும் நிரல் இருக்கலாம். அணைத்துவைத்தால் அவர்கள் குரல் கொடுப்பார்கள். மீண்டும் இயக்கிக் கொடுத்துவிடலாம். அழித்த பின் குரல் கொடுத்தால் வருத்தம் மட்டுமே தெரிவிக்க முடியும்.

பொருளியலில் இதற்கு ஒரு கோட்பாடு உண்டு. கென்னத் ஆரோவும் ஆந்தனி ஃபிஷரும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில், மீட்க முடியாத முடிவுகளைப் பற்றி ஆராய்ந்தனர். ஒரு காட்டை அழித்தால் மீண்டும் உருவாக்க முடியாது; அழிக்காமல் விட்டால் நாளை புதிய செய்தி தெரியும்போது மறுபடியும் முடிவெடுக்கலாம். ஆகவே, காத்திருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு என்பது அவர்களின் முடிவு. பழைய சர்வருக்கும் இது பொருந்தும்.

காத்திருப்பதன் செலவுதான் எவ்வளவு? 300 வாட் திறனில் இடைவிடாது இயங்கும் சர்வர், மாதத்துக்கு 216 யூனிட் மின்சாரம் செலவழிக்கும். அணைத்து அலமாரியில் வைத்தால் அதுவும் இல்லை. ஆனால், காத்திருப்பு முடிவற்றதாக இருக்கக் கூடாது. நெடுங்காலம் ஓடாத வன்தட்டு மீண்டும் சுழல மறுக்கலாம், எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகம் மின்சாரமின்றி நீண்ட காலம் கிடந்தால் தரவை இழக்கலாம். எனவே மூன்று மாதம், ஒரு கல்வியாண்டு என நாள் குறித்துக் காத்திருக்க வேண்டும். அந்த நாளை இயந்திரத்தின் மீதே எழுதி ஒட்ட வேண்டும்.

கணக்குப் புத்தகம் இந்தப் பொறுமைக்கு எதிராகவே பேசும். வருமான வரி விதிகளின்படி கணினிகளுக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம். பத்து இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய சர்வர், ஆறு ஆண்டுகளில் ஏடுகளில் 47,000 ரூபாய்க்கும் குறைவான பொருளாகிவிடும். நிறுவனங்கள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணையும் சர்வரின் பயன்காலத்தை ஆறு ஆண்டுகள் என்றே குறிக்கிறது. தேய்வது இரும்பின் மதிப்பு. உள்ளிருக்கும் குரலுக்கும் படத்துக்கும் பேரேட்டில் தனி வரி கிடையாது. வரியில்லாத பொருளை இழந்தால், இழந்ததாகவும் கணக்கில் வருவதில்லை.

எஞ்சுவதும் ஆபத்து

இதுவரை சொன்னது முதல் கடமை. குறித்த நாள் வந்தபின், இரண்டாவது கடமை தொடங்குகிறது. இனி இரக்கம் கூடாது.

'டெலீட்' பொத்தானை அழுத்துவது கோப்பை அழிப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிப்பதற்கு ஒப்பானது அது. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். தகுந்த மென்பொருள் கொண்டு எவரும் அவற்றைப் படித்துவிடலாம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 2014-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, அழிப்பை மூன்று படிநிலைகளாகப் பிரிக்கிறது: தரவின் மீது வேறு தரவை எழுதி மறைப்பது, ஆய்வுக்கூடக் கருவிகளாலும் மீட்க முடியாதபடி நீக்குவது, கருவியையே துகளாக்குவது.

பழைய வன்தட்டில் முழுப் பரப்பின் மீதும் புதிதாக எழுதுவது பொதுவாகப் போதும். எஸ்.எஸ்.டி.யில் அது போதாது. எழுதும் இடத்தை அக்கருவி தானே மாற்றிக்கொள்வதால், பழைய தரவு மறைவான மூலைகளில் எஞ்சக்கூடும். அதற்குத் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். காந்தம் வைத்து எஸ்.எஸ்.டி.யை அழிக்கவே முடியாது. எல்லாவற்றிலும் எளிய வழி, வாங்கிய நாளிலிருந்தே தரவைக் குறியாக்கம் செய்து சேமிப்பது. கடைசி நாளில் திறவுகோலை அழித்துவிட்டால், உள்ளிருப்பது பொருளற்ற எழுத்துக் குவியலாகிவிடும்.

மார்கன் ஸ்டான்லி என்ற உலகப் புகழ்பெற்ற நிதி நிறுவனம் இந்த இரண்டாவது கடமையில் தவறியது. இரண்டு தரவு மையங்களை மூடும் பணியை, தரவழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு பொருள் இடமாற்ற நிறுவனத்திடம் அது ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரங்கள் அழிக்கப்படாத கருவிகள் கைமாறி, இணைய ஏலத்தில் விலைபோயின. வாங்கிய ஒருவரே வங்கிக்கு மின்னஞ்சல் எழுதி எச்சரித்தார். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் விவரங்கள் தொடர்பான தவறுகளுக்காக 2022-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதற்கு முன்பே 2020-இல் வங்கி ஒழுங்காற்று அமைப்பு 6 கோடி டாலர் விதித்திருந்தது. அக்கருவிகள் சிலவற்றில் குறியாக்க வசதி இருந்தும், பல ஆண்டுகளாக அதை இயக்காமலே விட்டிருந்தார்கள். பூட்டு இருந்தது; பூட்டத்தான் ஆளில்லை.

சென்னை ரிச்சி தெருவிலும் பழைய வன்தட்டுகள் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் யாருடைய சேர்க்கைப் படிவம், யாருடைய மருத்துவச் சான்று இருக்கும் என்று யாரறிவார்? 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெற்ற நோக்கம் நிறைவேறியபின் தனிநபர் தரவை அழித்துவிட வேண்டும் என்கிறது. மறுபுறம், 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், மத்திய அரசு மற்றும் அதன் நிறுவனங்களின் ஆவணங்களை வகுத்துரைத்த முறையிலன்றி அழிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. கணினி உருவாக்கும் ஆவணங்களும் அதில் அடங்கும். எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்ற பட்டியல் இல்லாமல் இவ்விரு சட்டங்களையும் ஒருசேர மதிக்க இயலாது.

இறுதியாக, வெறும் கூடாகிவிட்ட இயந்திரம். அதன் மின்சுற்றுப் பலகைகளில் ஈயம் உள்ளிட்ட நச்சுப் பொருள்கள் இருக்கலாம். கம்பியிலுள்ள செம்புக்காக உறையைத் திறந்தவெளியில் எரித்தால், எழும் புகை நம் பிள்ளைகளின் மூச்சில்தான் கலக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், பெரும் நுகர்வோர் தம் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், சீரமைப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடமே ஒப்படைக்கப் பணிக்கின்றன. சிறிய நிறுவனங்களும் இதையே நெறியாகக் கொள்ளலாம். யு.பி.எஸ். மின்கலங்களுக்குத் தனி விதிகள் உள்ளன. எத்தனை வன்தட்டுகள் போயின, அவற்றின் வரிசை எண்கள் எவை, எம்முறையில் அழிக்கப்பட்டன என்ற சான்றைப் பெற்றுக் கோப்பில் வைக்க வேண்டும். 'பழைய கணினி - 1' என்று எழுதிய இரசீது சான்றாகாது.

நம் வாசலில்

இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்திகள் அல்ல. எங்கள் பகுதியிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள அம்பத்தூரில், இயந்திரப் பட்டறைகளுக்கு அருகே தரவு மையங்கள் எழுந்துள்ளன. தமிழ்நாடு அரசு 2021-இல் தரவு மையங்களுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. பெரிய மையங்களில் கழிவுக்கென்று நடைமுறையும் தணிக்கையும் இருக்கும். என் கவலை சிறியவற்றைப் பற்றியது: கல்லூரிகள், நூலகங்கள், கோயில் அலுவலகங்கள், உள்ளூர் ஒளிப்பட நிலையங்கள், நாடகக் குழுக்கள். தமிழரின் அண்மைக்கால நினைவு பெரும்பாலும் இவர்களின் மேசைக்கடியில் தூசி படிந்த பெட்டிகளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் ஐந்தாறு ஆண்டுகளில் ஓய்வுபெறும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கையொப்பமிடுவார்.

அந்த ஒருவர் பின்பற்றுவதற்குப் பெரிய கையேடு தேவையில்லை. என்ன இருக்கிறது என்று பட்டியலிடுக. வேறு எங்கே இருக்கிறது என்று திறந்து பார்த்துச் சரிபார்க்க. ஒரு பிரதியாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். பின்னர் அணைத்து, நாள் குறித்துக் காத்திருக்க. நாள் கடந்தபின் மீட்க முடியாதபடி அழித்து, உரியவரிடம் ஒப்படைத்து, சான்று பெறுக. இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டி மற்றொன்றுக்குச் செல்லக் கூடாது.

நண்பர் ஊழியர்களோடு அமர்ந்து இதைச் செய்தார். சரிபார்ப்பு எண்களை ஒப்பிட்டபோது, ஓர் ஆண்டின் சேர்க்கைப் பதிவேட்டுப் படிமங்கள் மட்டும் மற்ற இரண்டு சர்வர்களிலும் இல்லை என்று தெரியவந்தது. பிரதியெடுக்கும்போது இடையில் மின்சாரம் நின்றிருக்கலாம், காரணம் பிடிபடவில்லை. 'உபரி' என்று கருதப்பட்ட இயந்திரமே அவற்றின் கடைசி இருப்பிடமாக இருந்திருக்கிறது. பிறப்புச் சான்றோ மாற்றுச் சான்றிதழோ தொலைத்துவிட்டு, என்றோ ஒருநாள் அலுவலகத்தின் வாசலில் வந்து நிற்கப்போகும் யாரோ ஒரு முன்னாள் மாணவருக்கு அந்தப் பதிவேடு ஒன்றே ஆதாரமாக இருக்கக்கூடும்.

அப்படிமங்கள் இப்போது பத்திரமாகப் பிரதியெடுக்கப்பட்டுவிட்டன. பழைய சர்வர் அணைக்கப்பட்டு, நாள் எழுதி ஒட்டிய தாளோடு அலமாரியில் இருக்கிறது. அந்த நாள் வந்ததும் நண்பர் அதை முறைப்படி அனுப்பிவைப்பார். மடை திறக்கும் முறையைச் சொல்லித் தந்த அந்தப் பெரியவரின் குரலுக்கு, அந்தச் சில மாத அவகாசத்தை நான் கொடுத்திருக்க வேண்டும்.

- கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு), பொருளியல் துறை.